வெளிநாட்டில் இருந்தபடி இரண்டாவது மருத்துவக் கருத்துப் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை செய்யும் ஒருவரிடம் மருத்துவர் புற்றுநோய் என்றோ பெரிய அறுவை சிகிச்சை வேண்டும் என்றோ சொன்னதும், ஊரில் இருக்கும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி "வேறு டாக்டரிடம் காட்டினாயா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் அடுத்த சில நாட்களில் நடப்பவை பெரும்பாலும் வரிசை மாறி நடக்கின்றன. முதலில் வாட்ஸாப்பில் அறிக்கையின் புகைப்படம் போகிறது. பிறகு ஒரு கருத்து வருகிறது. அதற்குப் பிறகே ஸ்கேன் படங்களும் பயாப்சி (உடலிலிருந்து திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) ஸ்லைடுகளும் தேவை என்று தெரியவருகிறது.

நான் மருத்துவர் அல்லன். சிங்கப்பூரில் சக ஊழியர்களுக்கும் உறவினர்களுக்கும் ஆவணங்களைத் திரட்டி, மருத்துவமனைகளுக்கு அனுப்பி, பதில் வாங்கித் தரும் வேலையைப் பல முறை செய்திருக்கிறேன். எந்தச் சிகிச்சை சரியானது என்பதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. சரியான கருத்து கிடைப்பதற்கு என்னென்ன, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறேன். புற்றுநோயையே முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் மிக அதிகமான ஆவணங்களும் மிக அதிகமான பிழைகளும் அதில்தான் நேர்கின்றன. முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. எத்தனை நாள் அவகாசம் உண்டு என்று முதலில் கேளுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சிகிச்சை மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தச் சிகிச்சையை எத்தனை நாள் தள்ளிப்போட்டால் பாதிப்பு இல்லை?" அவர் சொல்லும் பதிலைத் தேதியாக மாற்றி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் முடியக்கூடிய வழியை மட்டுமே பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் இதுவே முதல் படி.

சில நிலைகளில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மாரடைப்பு, வெடித்த குடல்வால், உள் ரத்தப்போக்கு ஆகியவற்றிலும் அங்கேயே அப்போதே சிகிச்சை நடக்க வேண்டும். வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய் வகைகளில் அவகாசம் நாட்கணக்கில்தான் இருக்கும். மார்பகம், பெருங்குடல், தைராய்டு போன்றவற்றில் தோன்றும் கட்டிகளுக்குப் பெரும்பாலும் ஓரிரு வாரங்கள் கிடைக்கும். ஆனாலும் அதை மருத்துவர் வாயால் கேட்டறிய வேண்டும். நாமாக ஊகிக்கக் கூடாது.

இங்கே பலரும் செய்யும் பிழை, இரண்டாவது கருத்துக் கேட்க முடிவு செய்தவுடன் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த தேதியை ரத்து செய்வது. தேதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் கருத்தைப் பெற முயலுங்கள். விட்டுக்கொடுத்த தேதி திரும்பக் கிடைக்க, குறிப்பாக அரசு மருத்துவமனைகளில், நெடுநாள் ஆகலாம். தேவைப்பட்டால் சில நாட்களுக்கு முன்பே தெரிவித்து மாற்றிக்கொள்ளலாம்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்று கேட்டால், பொதுவான பதிலே வரும். எது தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்தே எந்த ஆவணம் தேவை, எந்தத் துறை மருத்துவர் தேவை என்பதும் அமையும்.

கேள்விகள் பொதுவாக மூன்று வகைப்படும். முதலாவது, நோய் இதுதானா என்பது. அதற்குப் பயாப்சி ஸ்லைடுகளை, திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் நோயியல் மருத்துவர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, நோய் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பது. அதற்கு ஸ்கேன் படங்கள் வேண்டும். மூன்றாவது, சொல்லப்பட்ட சிகிச்சை பொருத்தமானதா என்பது; அதற்கு முன்னிரண்டும் வேண்டும், நோயாளியின் உடல்நிலை விவரமும் வேண்டும்.

நல்ல கேள்வி இப்படி இருக்கும்: "48 வயதுப் பெண், இடது மார்பகத்தில் 3 சென்டிமீட்டர் கட்டி, பயாப்சியில் புற்றுநோய் உறுதியாகியுள்ளது, முதலில் கீமோ கொடுத்துப் பிறகு அறுவை செய்வதா, முதலில் அறுவையா?" இதைப் படிக்கும் மருத்துவர், ஹெர்2 (சில மார்பகப் புற்றுநோய்களில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதம்) பரிசோதனை முடிவு எங்கே என்று உடனே கேட்பார். அந்த முடிவு 2+ என்று இருந்தால், அது தீர்மானமான விடை ஆகாது. வழக்கமாக ஃபிஷ் என்னும் அடுத்த பரிசோதனை செய்தே ஹெர்2 உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். கேள்வி கூர்மையாக இருந்ததால் விடுபட்ட பரிசோதனை வெளியே தெரிந்தது.

3. சிகிச்சை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

நம்மவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. டாக்டர் கோபித்துக்கொள்வார், அடுத்த முறை சரியாகக் கவனிக்கமாட்டார் என்று அஞ்சி, வேறு ஏதோ காரணம் சொல்லி அறிக்கைகளை வாங்குகிறார்கள். இதில் மூன்று இழப்புகள் உண்டு: ஸ்லைடுகளை அனுப்ப நோயியல் துறைக்குச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அந்த மருத்துவரே, இன்னும் வராத பரிசோதனை முடிவுகள் எவை என்பது அவருக்குத்தான் தெரியும், இரண்டாவது கருத்து வந்தபின் அதைச் செயல்படுத்த வேண்டியவரும் அவர்தான்.

இரண்டாவது கருத்துக் கேட்பதைப் பெரிய நோய்களைப் பார்க்கும் மருத்துவர்கள் வழக்கமான ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிச் சொன்னால் போதும்: "டாக்டர், உங்கள் சிகிச்சையில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. பெரிய முடிவு என்பதால் குடும்பத்தார் இன்னொரு கருத்தும் கேட்க விரும்புகிறார்கள். அதற்கு என்னென்ன ஆவணங்கள் கொடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்." கடைசி வாக்கியம் முக்கியமானது, ஏனென்றால் அது அவரை உதவி செய்பவராக ஆக்குகிறது.

நோயாளியிடமிருந்தும் மறைக்கக் கூடாது. ஊரில் குடும்பத்தார் நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லாமல் தாங்களே முடிவெடுப்பது வழக்கமாக இருக்கலாம். சிங்கப்பூர் போன்ற இடங்களில் மருத்துவர் நோயாளியிடமே நேரடியாகப் பேசுவார், ஆவணங்களை வெளியே கொடுக்க நோயாளியின் கையெழுத்தையே கேட்பார்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு எதற்கென்று தெரியாமல் இந்த வேலை நகராது.

4. மூலப் பொருள்களைத் திரட்டுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். அறிக்கை என்பது முதல் மருத்துவர் பார்த்து எழுதிய கருத்து. அதை மட்டும் அனுப்பினால், இரண்டாவது மருத்துவர் முதல் கருத்தின் மேல்தான் கருத்துச் சொல்கிறார். நோயைப் பற்றிச் சொல்லவில்லை. படமும் ஸ்லைடும் கைக்குப் போனால்தான் அவரால் சுதந்திரமாகப் பார்க்க முடியும்.

ஸ்கேன் படங்கள். சிடி, எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் ஆகியவற்றின் படங்களை டைகாம் என்னும் மருத்துவப் படக் கோப்பு வடிவில் கேளுங்கள். குறுந்தகட்டில் கொடுப்பார்கள், அல்லது இணையத்தில் தரவிறக்க இணைப்புக் கொடுப்பார்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவரால் அளவெடுக்கவோ அடுத்தடுத்த வெட்டுத்தளங்களைப் பார்க்கவோ முடியாது. தகட்டை வாங்கிய அன்றே ஏதாவது ஒரு கணினியில் திறந்து பாருங்கள். சில தகடுகளில் தேர்ந்தெடுத்த சில படங்கள் மட்டுமே இருக்கும். முழுத் தொகுப்பு வேண்டும் என்று கேட்டு மறுபடி வாங்க வேண்டும். பெட் சிடி என்றால் பெட், சிடி இரண்டின் படங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அறிக்கையில் "முந்தைய ஸ்கேனுடன் ஒப்பிடுகையில்" என்று ஒரு வரி இருந்தால், அந்த முந்தைய ஸ்கேனையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

பயாப்சி ஸ்லைடுகளும் பிளாக்கும். உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து ஒரு சிறிய பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். அதிலிருந்து மிக மெல்லியதாகச் சீவி, விரல் நீளக் கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயமேற்றியது ஸ்லைடு. இரண்டிலும் ஓரத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண் பயாப்சி அறிக்கையின் மேலே உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று, வாங்கும் இடத்திலேயே, ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்துச் சரிபாருங்கள். அறிக்கையில் ஏ1, ஏ2, பி1 என்று மூன்று பிளாக்குகள் சொல்லப்பட்டு, கையில் ஒன்றின் ஸ்லைடு மட்டும் வந்திருந்தால், மறுவாசிப்பு அரைகுறையாகவே முடியும்.

சாயமேற்றிய ஸ்லைடுகளோடு, சாயமேற்றாத ஸ்லைடுகள் சிலவற்றையோ பிளாக்கையோ கேளுங்கள். இரண்டாவது ஆய்வகம் புதிதாக ஒரு பரிசோதனை செய்ய விரும்பினால் அதற்குத் திசு வேண்டும். பிளாக்கைக் கொடுக்கத் தயங்கும் ஆய்வகங்களும் சாயமேற்றாத ஸ்லைடுகளைச் சீவிக் கொடுப்பதுண்டு. லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்), சார்கோமா (எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்), மூளைக்கட்டி ஆகியவற்றில் அந்தந்தத் துறையில் தேர்ந்த நோயியல் மருத்துவரின் மறுவாசிப்பு நோயின் பெயரையே மாற்றக்கூடும். இவற்றில் ஸ்லைடு இல்லாமல் கருத்துக் கேட்பது வீண் வேலை என்றே சொல்வேன்.

கொண்டுபோகும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஸ்லைடுகள் கண்ணாடி, அவற்றுக்கென உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாக் மெழுகு, 60 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் உருகிவிடும். துபாயிலோ தோஹாவிலோ ஆகஸ்டு மாத மதிய வெயிலில் நிற்கும் காரின் முன்பகுதியில் அதை விட்டுவிட்டுக் கடைக்குள் போகக் கூடாது. விமானத்தில் எடுத்துச் செல்பவர், இது நோயறிதலுக்கான திசு மாதிரி என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்த கடிதத்தை உடன் வைத்திருக்கட்டும். கூரியரில் அனுப்புவதாக இருந்தால், பொட்டலத்தைக் கட்டும் முன்பே அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் விதிகளையும் கூரியர் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். திசு கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் திரவத்தில் மிதக்கும் ஈரத் திசுவை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள்.

மற்றவை. ரத்தப் பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை நடந்திருந்தால் அறுவைக் குறிப்பு, எண்டோஸ்கோப்பி அறிக்கை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். மருந்துகளை அவற்றின் மூலப்பெயரில் எழுதுங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரின் ஹெல்த்ஹப், சௌதியின் செஹ்ஹத்தி போன்ற செயலிகளில் தெரியும் முடிவுகள் நமக்கு வசதியானவை. ஆனால் அவற்றின் திரைப்பிடிப்பு முழு அறிக்கைக்கு ஈடாகாது.

இவற்றை வாங்கும்போது எந்தப் பெயரில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். சிங்கப்பூர் மருத்துவமனைகளின் மருத்துவ ஆவணப் பிரிவில் "மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டும்" என்று கேட்டால், மருத்துவர் புதிதாக ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, வாரக்கணக்கில் ஆகலாம். உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கும் அறிக்கைகளின் நகல். "பயாப்சி அறிக்கையின் நகல், ஸ்கேன் அறிக்கையின் நகல், படங்களின் தகடு, டிஸ்சார்ஜ் சம்மரி" என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டால் வேகமாகக் கிடைக்கும். ஸ்லைடுகளுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் தனி. முதல் நாளே அதையும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் எல்லாவற்றிலும் தாமதமாக வருவது அதுதான்.

5. பெயரைச் சரிபாருங்கள்

இது சிறிய வேலை; ஆனால் தமிழர்களுக்கே உரிய சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், வெளிநாட்டு மருத்துவமனை அப்பா பெயரையே நோயாளியின் பெயராகப் பதிந்திருக்கும், ஊரில் உள்ள பழைய அறிக்கையில் "எஸ். முருகன்" என்று மட்டும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. பெயர் ஒத்துப்போகாத ஸ்லைடைத் திருப்பி அனுப்புவது அவர்கள் கடமை. அது நோயாளியின் பாதுகாப்புக்கான விதி.

ஆகவே இரண்டாவது மருத்துவமனையில் பதிவு செய்யும்போது, வெளிநாட்டு மருத்துவமனையின் அறிக்கையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். ஸ்பெல்லிங்கையும் பிறந்த தேதியையும் சேர்த்துச் சரிபாருங்கள். தேதியில் நாள் முன்னா மாதம் முன்னா என்ற குழப்பம் வராமல், மாதத்தை எழுத்தில் எழுதுவது நல்லது.

6. யாரிடம் கேட்பது

வழிகள் இரண்டு: இருக்கும் நாட்டிலேயே வேறொரு மருத்துவமனை, அல்லது ஊரில் உள்ள மருத்துவமனை. சிகிச்சையை வெளிநாட்டிலேயே தொடர்வது உறுதி என்றால், முதல் வழியே மேல் என்பது என் கருத்து. அந்த மருத்துவர் உங்களைத் தொட்டுப் பரிசோதிக்க முடியும். அந்த நாட்டில் எந்த மருந்து கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். தேவைப்பட்டால் அவரே சிகிச்சையை எடுத்துக்கொள்ளவும் முடியும். சிங்கப்பூரில் தேசியப் புற்றுநோய் மையத்தில் பார்ப்பவர் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகத்தில் கேட்கலாம், அங்கே பார்ப்பவர் இங்கே கேட்கலாம். ஒரே துறையில் பக்கத்து அறையில் இருக்கும் மருத்துவரிடம் கேட்பதைவிட வேறு நிறுவனத்தில் கேட்பது நல்லது, ஏனென்றால் அங்கே ஸ்லைடையும் படத்தையும் வேறு கண்கள் பார்க்கும்.

சிகிச்சைக்கு ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், திரும்பிச் சேரப்போகும் மருத்துவமனையிலேயே கருத்துக் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மையங்கள் வெளியிலிருந்து வரும் நோயாளியின் ஸ்லைடுகளைத் தாங்களே மறுபடி பார்த்த பிறகே சிகிச்சையைத் திட்டமிடும். புற்றுநோய்க்கு இன்னொரு வழியும் உண்டு: மும்பை டாடா நினைவு மையமும், இந்தியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான நேஷனல் கேன்சர் கிரிட்டும் நவ்யா என்ற சேவையின் வழியாக, ஆவணங்களைப் பார்த்து இணையம் மூலம் நிபுணர் கருத்துத் தருகின்றன. வெளிநாட்டில் இருந்து விமானம் ஏறாமல் கேட்க விரும்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய பெயரைவிட அவர் எந்த நோயை நாள்தோறும் பார்க்கிறார் என்பதே கணக்கு. குடும்பத்தில் ஒரு மருத்துவர் இருக்கிறார், அவர் எலும்பு மருத்துவர், அவரிடம் ரத்தப் புற்றுநோய் அறிக்கையை அனுப்புகிறோம். அன்பினால் அவர் ஏதோ ஒரு பதில் சொல்கிறார், அந்தப் பதில் குடும்பத்தில் முடிவாக நின்றுவிடுகிறது. அவரிடம் கேட்க வேண்டியது "யாரிடம் போகலாம்?" என்பது மட்டுமே. அதற்கு அவரைவிட நல்ல துணை கிடைக்காது.

புற்றுநோயில், ஒரு தனி மருத்துவரைவிட, அறுவை, கீமோ, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து பேசும் ட்யூமர் போர்டு உள்ள மருத்துவமனையைத் தேடுங்கள். மருத்துவமனைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்டுகளிடம் ஆவணங்களை ஒப்படைக்காதீர்கள். கமிஷன் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே அவர்கள் வழிகாட்டுவார்கள். உங்கள் அறிக்கைகள் எத்தனை பேர் கைக்குப் போகும் என்பதும் தெரியாது.

7. ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள்

நூறு பக்க ஆவணத்தின் மேலே வைக்க ஒரே ஒரு பக்கம் வேண்டும்: வயது, பிற நோய்கள், ஒவ்வாமை, அறிகுறி தொடங்கிய மாதம் முதல் இன்றுவரை தேதிவாரியாக நடந்தவை, முதல் மருத்துவர் சொன்ன சிகிச்சை, அவர் கொடுத்த அவகாசம், கடைசியாக உங்கள் ஒற்றைக் கேள்வி. மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் தேடுவதில் கழியாமல் யோசிப்பதில் கழிய வேண்டும் என்பதற்காகவே இது. கோப்புகளுக்கும் "01 பயாப்சி", "02 சிடி ஸ்கேன்" என்று வரிசையெண் இட்டுப் பெயர் வையுங்கள்.

அலகுகளில் கவனம் தேவை. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள், இந்தியாவில் மில்லிகிராம். 10 மில்லிமோல் என்பது நம் ஊர்க் கணக்கில் 180. சிங்கப்பூர் அறிக்கையில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 133 என்று இருக்கும், அது மைக்ரோமோல். அதை 88.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5 மில்லிகிராம். அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தொலைபேசியில் சொன்னால், "கிரியேட்டினின் நூற்றுக்கு மேல்" என்று கேட்டு ஊரில் வீடே பதறும். "சர்க்கரை வெறும் பத்துதான்" என்று சொன்னால் ஆபத்தான தாழ்நிலை என்று நினைப்பார்கள். எண்ணோடு அலகையும், அந்த ஆய்வகம் அச்சிட்டுள்ள இயல்பு அளவையும் சேர்த்தே எழுதுங்கள். நீங்களே மாற்றிக் கணக்கிட்டு எழுதாதீர்கள். கணக்கில் பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்க வழி இருக்காது.

8. பணம், காப்பீடு, விடுப்பு

சிங்கப்பூரில் வேலை அனுமதி, எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் தொடங்கிய அல்லது புதுப்பித்த காப்பீடுகளில் அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முதல் 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட தகுதியான செலவில் 25 விழுக்காட்டை முதலாளியும் மீதியைக் காப்பீட்டு நிறுவனமும் ஏற்க வேண்டும். இது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவைக்குமான காப்பீடு. வெளிநோயாளியாகச் சென்று கேட்கும் கருத்துக்குத் தனி ஏற்பாடு இருந்தால் ஒழிய, செலவு உங்களுடையது என்றே திட்டமிடுங்கள்.

அமீரகத்தில் 2025 ஜனவரி 1 முதல் எல்லா அமீரகங்களிலும் தனியார் துறை ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் எந்த மருத்துவமனைகள் அதன் வலைப்பின்னலில் இருக்கின்றன என்பது அட்டைக்கு அட்டை மாறும். இரண்டாவது மருத்துவரிடம் நேரம் வாங்கும் முன்பே, முன் அனுமதி வேண்டுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் "கவர் ஆகும்" என்று சொன்னதை வைத்துப் பின்னால் பணம் வாங்க முடியாது.

நோய்ப் பெயரை முதலாளியிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்பது நோயாளியின் முடிவு. ஆவணங்களை நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பாமல் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள்.

9. ஆலோசனை நாளில்

சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. எந்த நாட்டு நேரம் என்று எழுதி உறுதிசெய்யாததாலேயே தவறிப்போகும் காணொலி ஆலோசனைகள் உண்டு.

நோயாளியோடு ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். நோயின் பெயரிலும் நிலையிலும் நீங்கள் உடன்படுகிறீர்களா? சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா? வேறு வழி எது, அதை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள்? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனை ஏதும் பாக்கி உண்டா? காத்திருந்தால் என்ன ஆகும்? இவற்றுக்கான பதில் எழுத்தில் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழிக் கருத்தை முதல் மருத்துவரிடம் கொண்டுபோனால் அது பாதியாகத்தான் போய்ச் சேரும்.

ஒரு வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கான ஆலோசனையைத் தம் வரம்பில் சேர்க்கவில்லை. ஊரிலிருந்து வரும் கருத்தை உங்கள் சிகிச்சை மருத்துவருக்கான ஆலோசனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்துச் சீட்டை வைத்து வெளிநாட்டு மருந்துக் கடையில் மருந்து வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். ஊரிலிருந்து மருந்தை வாங்கி அனுப்பச் சொல்வதும் ஆபத்து. டிரமடால் போன்ற வலிமருந்துகள் அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதியின்றிக் கொண்டுவந்தால் சட்டச் சிக்கல் வரும்.

10. இரண்டு கருத்துகளும் வேறுபட்டால்

உடனே மூன்றாவது, நான்காவது மருத்துவரைத் தேடிப் பெரும்பான்மை பார்க்கப் போகாதீர்கள். வேறுபாடு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். நோயின் பெயரிலேயே வேறுபாடு என்றால், அந்த உறுப்பில் தேர்ந்த மூன்றாவது நோயியல் மருத்துவர் ஸ்லைடைப் பார்ப்பதே தீர்வு. அது தீரும்வரை சிகிச்சையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கீமோ தொடங்கிவிட்டால் கட்டியின் தன்மை மாறக்கூடும் என்பதால், இந்தச் சந்தேகத்தைத் தொடங்கும் முன்பே தீர்க்க வேண்டும்.

நோய் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்ற நிலையில் வேறுபாடு என்றால், பெரும்பாலும் ஒருவர் பார்த்த ஸ்கேனை இன்னொருவர் பார்த்திருக்கமாட்டார். இருவரிடமும் ஒரே ஆவணங்கள் போயினவா என்று சரிபாருங்கள்.

சிகிச்சையில் மட்டும் வேறுபாடு என்றால், இரண்டுமே ஏற்கத்தக்க வழிகளாக இருக்கலாம். இரண்டாவது மருத்துவரின் கடிதத்தை முதல் மருத்துவரிடம் கொடுத்து, "இதில் உங்களுக்கு ஒப்புதல் இல்லாதது எது, ஏன்?" என்று கேளுங்கள். இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. செலவு குறைந்த கருத்தையோ, கேட்க இதமான கருத்தையோ மனம் தானாகவே பிடித்துக்கொள்ளும்; அறுவை வேண்டாம் என்று சொன்னவரின் காரணத்தை, வேண்டும் என்று சொன்னவரின் காரணத்தைக் கேட்ட அதே கண்டிப்போடு கேட்டுப் பாருங்கள்.

11. ஊர் திரும்புவதாக முடிவானால்

பயணச்சீட்டு வாங்கும் முன் பயணத்துக்கு உடல் தகுதி உண்டா என்று சிகிச்சை மருத்துவரிடம் கேளுங்கள். அண்மையில் அறுவை நடந்தவர்கள், ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள், படுக்கையில் செல்ல வேண்டியவர்கள் ஆகியோருக்கு விமான நிறுவனங்கள் மெடிஃப் என்னும் படிவத்தை மருத்துவர் நிரப்பித் தரக் கேட்கும். அதை அவர்கள் பரிசீலிக்க நேரம் ஆகும் என்பதால், புறப்படும் நாளன்று விமான நிலையத்தில் கேட்டு வாங்கலாம் என்று விட்டுவிடக் கூடாது.

ஊரில் மருத்துவர் பார்க்கும் தேதி கையில் வந்த பிறகே இங்குள்ள சிகிச்சையை நிறுத்துங்கள். கீமோ இடையில் இருப்பவர், இதுவரை எந்த மருந்து, எந்த அளவு, எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்ற பட்டியலை வாங்காமல் விமானம் ஏறக் கூடாது; அடுத்த சுற்றைத் திட்டமிட அங்குள்ளவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. வேலை அனுமதியை ரத்து செய்வதால் காப்பீடும் நின்றுவிடுமா, நிலுவையில் உள்ள பில் யாருடையது என்பதையும் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இங்கேயே சிகிச்சை தொடர்ந்தாலும் ஊருக்குப் போனாலும், வாங்கிய ஸ்லைடுகளையும் பிளாக்கையும் வேலை முடிந்ததும் அவற்றைக் கொடுத்த ஆய்வகத்திடம் திருப்பி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பினாலோ புதிய மருந்துக்கான மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டாலோ, மருத்துவர்கள் முதலில் தேடுவது அந்தப் பழைய பிளாக்கைத்தான்.